கண் நரம்புக்கு ஒரு பழைய வலி மாத்திரை: கொழுந்தனார் வாங்கி வரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு இடது கண்ணை அசைத்தாலே வலி என்றாள். மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. கண் நரம்பில் அழற்சி என்று சொல்லி மருத்துவமனையில் மூன்று நாள் ஸ்டெராய்டு ஏற்றினார்கள். வலி போய்விட்டது, பார்வையும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஆனால் சிவப்பு நிறம் அந்தக் கண்ணுக்கு மட்டும் சாயம் போனது போல் தெரிகிறதாம். வெயிலில் நடந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போனால் மறுபடி மங்குகிறது என்கிறாள். திருச்சியில் இருக்கும் என் கொழுந்தனார், ஃப்ளுபிர்டின் என்ற பழைய வலி மாத்திரை கண் நரம்பைக் காப்பாற்றுவதாக ஜெர்மனியில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூருக்கு வரும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி வருகிறாராம். "வலி மாத்திரைதானே அண்ணி, என்ன ஆகிவிடப் போகிறது?" என்கிறார். கொடுக்கலாமா? டாக்டரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாரா?
ஈசூன் வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. கடிதத்தை முழுதாகப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த ஒரு வரி உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி ஏன் என்று சொல்கிறேன். நான் மருந்தாளர், கண் மருத்துவர் அல்ல. உங்கள் மகளின் கண்ணைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவளைப் பார்க்கும் மருத்துவர்தான். மாத்திரையைப் பற்றி நான் பேசலாம்.

உங்கள் கொழுந்தனார் படித்தது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் என் வேலை சுலபம். அவர் படித்தது ஒரு கதையின் முதல் பாதி. அந்தப் பாதி உண்மையிலேயே நம்பிக்கை தருவதுதான்.

ஃப்ளுபிர்டின் 1980களில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கட்டடோலான் என்பது அங்கே அதன் வணிகப் பெயர். வலிக்கு அப்போது பெரும்பாலும் இரண்டு வழிதான். ஐபுரூஃபன் வகையறா வயிற்றைப் புண்ணாக்கும். மார்ஃபின் குடும்பம் பழக்கமாகிவிடும். ஃப்ளுபிர்டின் இந்த இரண்டிலும் சேராதது. அது நரம்பணுக்களில் இருக்கும் பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேறும்போது அணுவின் படபடப்பு அடங்குகிறது. வலிச் செய்தியை அது சும்மா சும்மா அனுப்புவதில்லை. பிரஷர் குக்கரில் விசில் வந்து ஆவி வெளியேறுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் குறையும். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். அழற்சி என்பது அந்த அடுப்பு. அதைத் தணிக்கத்தான் உங்கள் மகளுக்கு ஸ்டெராய்டு ஏற்றினார்கள். ஃப்ளுபிர்டினை அழற்சி மருந்தாக நினைத்துக்கொண்டு யாராவது பேசினால், அங்கேயே பாதை மாறிவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் கண் நரம்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு? படபடத்துக்கொண்டே இருக்கும் நரம்பணு சீக்கிரம் சாகும். அதை அமைதிப்படுத்தினால் அழற்சி நடக்கும் காலத்தில் தாக்குப் பிடிக்குமோ என்று சில ஆய்வாளர்கள் யோசித்தார்கள். 2008-இல் ஜெர்மன் குழு ஒன்று எலிகளில் இதைச் சோதித்து வெளியிட்டது. நரம்பின் உறையில் உள்ள ஒரு புரதத்தை எலிகளுக்கு ஊசியாகப் போட்டு, அவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தியே கண் நரம்பைத் தாக்கும்படி செய்தார்கள். அப்படிச் செய்த எலிகளுக்கு ஃப்ளுபிர்டின் கொடுத்தபோது, விழித்திரையில் இருந்து கண் நரம்பாக நீளும் அணுக்கள் அதிகம் பிழைத்தன. கொழுந்தனார் படித்தது அநேகமாக இதைத்தான்.

அதே கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. எலிகளின் பார்வை தேறியது ஃப்ளுபிர்டினோடு இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான். அதுவும் அழற்சி தீவிரமாக இருந்த கட்டத்தில். அணு பிழைப்பது ஒன்று, கண் தெரிவது வேறொன்று. இரண்டாவது, கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியில் வருகிறது. நாள்பட்ட வலிக்காக இதை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களிடம் பக்கவிளைவுகள் குறைவாகவே பதிவாகியிருப்பதால், இது மேலும் ஆராயத் தகுந்த மருந்து என்று எழுதியிருக்கிறார்கள். 2008-இல் அது நியாயமான வாக்கியம்தான். எனக்கு அதை இப்போது படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஏன் என்றால், அதன் பிறகு கல்லீரல் பாதிப்புப் பதிவுகள் குவிந்தன. நொதி அளவு கொஞ்சம் கூடுவதிலிருந்து கல்லீரலே செயலிழப்பது வரை. 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு போட்டது: திடீர் வலிக்கு மட்டும், மற்ற வலி மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும், அதிகபட்சம் இரண்டு வாரம், வாரம் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை. கட்டுப்பாடு சரியாகப் பின்பற்றப்படவில்லை. பாதிப்புகளும் நிற்கவில்லை. 2018-இல் ஐரோப்பாவில் அதன் விற்பனை அனுமதியையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் என்பதை மறுபடி பாருங்கள். உங்கள் கொழுந்தனார் ஆறு மாதத்துக்கு வாங்கி வருகிறேன் என்கிறார்.

இது யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வகைப் பாதிப்பு. பத்துப் பேர் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான் திருச்சியில் "நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்கிறவராக இருப்பார். அவர் சொல்வதும் உண்மைதான். உங்கள் மகள் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியா, பதினோராவது ஆளா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

சரி, கல்லீரல் ஆபத்து இருந்தாலும் பார்வைக்காக அதை ஏற்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தாயாக அது சரியான கேள்வி. புற்றுநோய்க்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் இதைவிடக் கடுமையானவை இருக்கின்றன. பலன் உறுதியாக இருப்பதால் கொடுக்கிறோம். இங்கே பலன் என்ன? மனிதர்களிடமும் சோதித்துப் பார்த்தார்கள். எம்எஸ் என்கிற நோய், அதாவது மூளையிலும் முதுகுத்தண்டிலும் நரம்புகளின் உறையை உடம்பே தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு, இன்டர்ஃபெரானோடு ஃப்ளுபிர்டினையோ வெறும் மாத்திரையையோ கொடுத்து ஒப்பிட்டார்கள். திட்டமிட்ட எண்ணிக்கையில் பாதிப் பேர்கூடச் சேரவில்லை. முடிவு 2018-இல் வெளியானது: மூளை ஸ்கேனிலோ கண் நரம்பிலோ நோயின் போக்கிலோ ஃப்ளுபிர்டினால் வித்தியாசம் தெரியவில்லை. பலருக்குக் கல்லீரல் நொதிகள் மட்டும் கூடியிருந்தன. சின்ன ஆய்வு என்பதால் "பலனே இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது என்பார்கள் புள்ளிவிவரக்காரர்கள். சரி. ஆனால் பலன் இருக்கிறது என்று சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை. அந்த முடிவு வெளியான ஆண்டும், ஐரோப்பா மருந்தைத் திரும்ப எடுத்த ஆண்டும் ஒன்றே. அதற்குப் பிறகு யார் பெரிய ஆய்வு நடத்துவார்கள்?

பழைய மருந்தில் புதுப் பயன் தேடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி வகையே அதுதான். வலிப்பு நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கும் ஃபினைட்டாயினை இங்கிலாந்தில் கண் நரம்பு அழற்சி வந்தவர்களுக்கு, வந்த இரண்டு வாரத்துக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த அந்த முடிவில் விழித்திரையின் நரம்பு இழை அடுக்கு தேய்வது 30 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல செய்திதானே? ஆனால் பார்வையை அளந்தால் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. அதனால் அதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. இப்போது கொழுந்தனாரிடம் ஃபினைட்டாயின் பேரைச் சொல்லிவிடாதீர்கள்.

மாத்திரை அட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் கவுண்ட்டரில் ஒரு பெரியவர் வந்து, சட்டைப் பையிலிருந்து கத்தரித்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். நான்கு மாத்திரை. பெயர் இருந்த பக்கம் கடையிலேயே வெட்டப்பட்டு, ஓரத்தில் இரண்டு எழுத்தும் பாதி எண்ணும் மிச்சம். "இதே மாதிரி கொடும்மா, முதுகுவலிக்கு நன்றாகக் கேட்கிறது" என்றார். ஊரில் இருக்கும் அவர் மகனுக்கு ஃபோன் போட்டு, முழு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அது வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. ஃப்ளுபிர்டினும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. பெரியவர் அதோடு தினமும் ஆறு பனடால் வேறு போட்டுக்கொண்டிருந்தார், "பனடால் ஒன்றும் செய்யாது" என்பதால். பனடாலும் பாராசிட்டமால்தான். ஒரே கல்லீரலுக்கு இரண்டு பக்கமும் அடி. அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தோம்.

இந்தியாவில் ஃப்ளுபிர்டின் தனியாகவும் வருகிறது, பாராசிட்டமாலோடு கலந்தும் வருகிறது. கொழுந்தனார் எதை வாங்குவார் என்பது கடைக்காரர் கைக்கு எது அகப்படுகிறதோ அதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் பனடால் எந்த டப்பாவில் இருக்கிறது என்று மகளுக்கும் தெரியும்தானே? தலைவலி வந்தால் அவளும் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

அப்புறம், சட்டப் பக்கம். சொந்த உபயோகத்துக்கு என்றால் மூன்று மாத அளவுக்கு மேல் மருந்து கொண்டுவரக் கூடாது என்பது சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதி. சில வகை மருந்துகளுக்கு முன் அனுமதியும் வேண்டும். கொழுந்தனார் கொண்டுவருவது அவர் சாப்பிடவும் இல்லை, மூன்று மாதத்துக்கும் இல்லை. சாங்கியில் அவரைத் தவிக்கவிட வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மாத்திரையைப் பற்றி நிறைய இருக்கிறது. மகளுக்கு ஏன் இந்த அழற்சி வந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மருத்துவர் சொல்லி நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். சொல்லவில்லை என்றால் அடுத்த சந்திப்பில் கேளுங்கள். இரத்தத்தில் இரண்டு எதிர்ப்பொருள் பரிசோதனைகள் உண்டு: ஒன்று அக்குவாபோரின்-4, இன்னொன்று மாக். அவற்றின் முடிவு என்ன? மூளை எம்ஆர்ஐ எடுத்தார்களா, அதில் பழைய தழும்பு எதுவும் இருந்ததா? இந்த மூன்று பதில்களும்தான் உங்கள் மகளின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கப்போகின்றன.

மேற்கத்திய நாடுகளில் இளவயதில் கண் நரம்பு அழற்சி என்றால் உடனே எம்எஸ்-ஐ நினைப்பார்கள். நம் ஆசியப் பக்கத்து மக்களிடம் எம்எஸ் அவ்வளவு பரவலாக இல்லை. கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் உடம்பே தாக்கும் என்எம்ஓ என்ற இன்னொரு நோய்க்கு இங்கே கூடுதல் பங்கு. வெகுகாலம் அதையும் எம்எஸ் வகை என்றே நினைத்திருந்தார்கள். 2004-இல் அதற்கே உரிய எதிர்ப்பொருளை (மேலே சொன்ன அக்குவாபோரின்-4 பரிசோதனை தேடுவது அதைத்தான்) கண்டுபிடித்த பிறகுதான் வேறு நோய் என்று தெளிவானது. வித்தியாசம் பெயரோடு நிற்பதில்லை. எலி ஆய்வில் ஃப்ளுபிர்டினோடு சேர்த்துக் கொடுத்தார்களே இன்டர்ஃபெரான், அது எம்எஸ்-க்கு மருந்து. என்எம்ஓ இருப்பவருக்குக் கொடுத்தால் நோய் மோசமாகலாம். எலிக்குப் பார்வை தந்த கூட்டணியில் ஒன்று கல்லீரலுக்கு ஆகாது, இன்னொன்று நோய் எது என்று தெரியாமல் தொடக்கூடாதது. இதற்கு மேல் அந்த ஆய்வை வீட்டில் செய்து பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

சிவப்பு நிறம் பற்றி எழுதியிருந்தீர்கள். கண் மருத்துவர்களே இதைத்தான் சோதிப்பார்கள்; அவர்கள் சிவப்பு மூடி போட்ட மருந்துச் சீசாவைக் காட்டுவார்கள், நம் வீட்டில் குங்குமச் சிமிழ். நல்ல கண்ணுக்குக் குங்குமமாகத் தெரிவது மற்றக் கண்ணுக்குச் செங்கல் பொடியாகத் தெரியும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுகிறவர்களுக்குக்கூட இந்தக் குறை பல மாதம் இருக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். தினமும் சிமிழை நீட்டி "இன்றைக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வாரத்துக்கு ஒரு நாள் போதும். காலெண்டரில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயிலில் மங்குவதற்கு ஒரு பெயரே உண்டு. உடற்பயிற்சி செய்தால் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இல் எழுதிவைத்தார். உறை தேய்ந்த நரம்பில் உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே மின்செய்தி தடுமாறும். நம் ஊர் பிற்பகலில், சாலையைக் கடந்து நிலையத்தின் மாடிப்படி ஏறினால் சூடு ஏறத்தானே செய்யும்? ரயிலுக்குள் ஏறி ஏர்கானில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்ததும் தெளிந்துவிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெளிந்துவிட்டால் அது புதிய தாக்குதல் இல்லை. நரம்பு மேலும் சேதமாகவும் இல்லை. குடையும் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போகட்டும். வெந்நீர்க் குளியலைக் கொஞ்ச நாள் விடட்டும்.

ஸ்டெராய்டு ஏற்றியும் முழுதாகத் திரும்பவில்லையே என்ற கவலை உங்கள் எழுத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் 457 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1992-இல் வந்தது. இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். இரத்தக் குழாய் வழியாக ஸ்டெராய்டு ஏற்றினால் பார்வை வேகமாகத் திரும்புகிறது; ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஏற்றாதவர்களும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு வருட முடிவில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் 6/12 (நல்ல கண் பன்னிரண்டு மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வையோடு இருந்தார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள் என்பதையும், என்எம்ஓ-வில் மீட்சி இவ்வளவு நன்றாக இருக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதனால்தான் அந்த இரத்தப் பரிசோதனையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். எப்படியிருந்தாலும் இரண்டு மாதத்தில் முக்கால்வாசி என்பது மோசமில்லை. இன்னும் பல மாதம் தேற இடம் இருக்கிறது. கையில் ஸ்டெராய்டு மாத்திரை மிச்சம் கொடுத்திருந்தால், அதை மருத்துவர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. வலது கண்ணும் மங்கினால், இடது கண்ணில் வலி திரும்பினால், கால் மரத்துப்போனால், சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று விசித்திரமாக இருக்கும்: காரணமே இல்லாமல் நாள் கணக்கில் விக்கலோ வாந்தியோ நிற்காமல் இருந்தால், அதையும் வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். என்எம்ஓ மூளைத்தண்டைத் தொடும்போது அப்படி வரும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சர்க்கரை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மருத்துவர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து, வெளியூர் மாத்திரையைச் சொன்னதற்காக யாரையும் எந்த மருத்துவரும் திட்டியதில்லை. சொல்லாமல் விட்டு, கல்லீரல் நொதி ஏறிய பிறகு காரணம் தெரியாமல் ஐந்து பரிசோதனை எடுக்க வைத்தவர்கள்மேல் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். கொழுந்தனார் படித்ததை மருத்துவரிடம் அப்படியே காட்டுங்கள். கொழுந்தனார் ஏற்கெனவே மாத்திரையை வாங்கி, ஒன்றிரண்டை யாராவது கொண்டுவந்து மகளும் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையை வெட்டாமல் எடுத்துக்கொண்டு போங்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண்ணின் வெள்ளை மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும்.

கொழுந்தனார் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதும் உங்களுக்கு ஒரு கவலையாக இருக்கும். அண்ணன் மகளுக்காக இவ்வளவு தேடிப் படித்திருக்கிறார், பாவம். பெட்டியில் அந்த இடம் காலியாக வர வேண்டாம் என்று சொல்லுங்கள். திருச்சியிலிருந்து வருகிறவர் மணப்பாறை முறுக்கு இரண்டு பொட்டலம் கொண்டுவரட்டும்.